குறையாத தொட்டி

பிரசவ வார்டின் கதவைத் திறந்ததுமே டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பினாயில் நெடியை முண்டித் தள்ளிக்கொண்டு வேறொரு வாடை வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற வாடை. சீழ்.

"நான் வேணா வெளியே காவலுக்கு நிக்கட்டுமா டீச்சர்? காலையில சாப்பிட்டது இன்னும் என்கிட்டதான் இருக்கு. அதை இழக்க விரும்பல" என்றான் அவருடைய உதவியாள் சோடா.

டீச்சர் அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

சோடா அவனுடைய பெயரல்ல. பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டியது போன்ற மூக்குக் கண்ணாடிக்காக யாரோ வைத்தது. அவனுக்கே சொந்தப் பெயர் மறந்துபோயிருக்கலாம். அதே போல டீச்சரும் இப்போது டீச்சர் இல்லை. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், மாணவர்கள் விடைத்தாளில் எழுதும் பொய்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, வெளியுலகப் பொய்கள் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வந்த பிறகுதான் தெரிந்தது, வெளியுலகப் பொய்கள் நாறும் என்று.

அவரை அமர்த்தியிருந்தவர் இந்த வார்டின் நர்ஸ். விஷயம் அவருடைய கணவரைப் பற்றியது. நர்ஸின் அண்ணன் கிருமிநாசினி தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறார். அங்கே ஸ்டோர் பொறுப்பு முழுக்க நர்ஸின் கணவர் கையில்தான் இருந்தது. ஸ்பிரிட்டை அளந்து, தண்ணீரை அளந்து, பெரிய தொட்டியில் விட்டுக் கலக்குவது அவர் வேலை. எத்தனை கவனமாக அளந்தாலும் கலந்து முடித்ததும் தொட்டியில் ஒரு கேன் அளவுக்குக் குறைந்தது. ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். மாப்பிள்ளை தினமும் ஒரு கேன் ஸ்பிரிட்டை வெளியே விற்கிறார் என்று அண்ணன் சொல்லி, எல்லாத் தொழிலாளிகளும் பார்க்க அவருடைய வண்டிப் பெட்டியைத் திறந்து சோதனை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று மதியத்துக்குள் திருட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று கெடு.

கணவர் திருடவில்லை என்று நர்ஸ் நம்பினார். ஆனால் ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கணவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொட்டியில் ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை. இப்போது மேஸ்திரி கலக்குகிறார், நிரம்பவேண்டிய மட்டத்தைக் காட்டும் சிவப்புக் கோடு வரை சரியாக நிற்கிறது. அண்ணன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நாள் அவரே கணவரிடம், உண்மையிலேயே நீங்கள் எடுக்கவில்லையே என்று கேட்டும்விட்டார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

டீச்சர் உள்ளே போனபோது நர்ஸ், ஜன்னலோரப் படுக்கையில் ஒரு இளம்பெண்ணின் வயிற்றுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பஞ்சு எடுக்க எடுக்கப் பச்சையும் மஞ்சளுமாக வந்தது. தையல் போட்ட இடம் உதடு பிளந்த மாதிரி திறந்திருந்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்துத் தொட்டிலில் தூங்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படுக்கையிலும் இதே கதை, அதற்கடுத்ததிலும் இதே கதை.

நர்ஸ் மேஜை மேலிருந்த நீல நிறக் கேனைச் சாய்த்துப் பஞ்சை நனைத்தார். டீச்சரின் பார்வை கேனில் ஒட்டியிருந்த பெயருக்குப் போனது.

"இது உங்க அண்ணன் கம்பெனி சரக்கா?"

ஆமாம் என்றார் நர்ஸ். ஆஸ்பத்திரி முழுக்க அதுதானாம்.

"இந்தச் சீழ் எப்பலேர்ந்து?"

நர்ஸ் யோசித்தார். அவர் வீட்டுக்காரர் வேலையை விட்டு வந்த சமயத்தில்தான் முதல் கேஸ் வந்தது என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். நனைந்த பஞ்சு விரல் நடுவில் இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையில், செத்த எலியைக் கையில் பிடித்திருக்கிற கூச்சம் இருந்தது. இத்தனை நாளாக இந்தக் கையால்தானே எல்லாருக்கும் துடைத்துவிட்டார்.

டீச்சர் இரண்டு எஃகுத் தட்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒன்றில் நீலக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். இன்னொன்றில், டாக்டரின் அலமாரியில் கிடந்த வேறு கம்பெனி பாட்டிலைத் திறந்து அதே அளவு ஊற்றினார். கேனையும் பாட்டிலையும் மூடி, சோடாவிடம் நீட்டி, திறந்து மோந்து பார்க்கச் சொன்னார்.

சோடா இரண்டையும் மோந்துவிட்டுத் தலையைச் சிலிர்த்துக்கொண்டான். இரண்டும் ஒரே மாதிரி ஏறுகிறது, ரெட்டைப் பிள்ளைகள் என்றான்.

அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்றார் டீச்சர். "மூடின பாத்திரத்துல ஆவி மேல போய்க்கிட்டே இருக்கும். மேல இருக்கிற இடம் நிறைஞ்சதும், போறதும் திரும்பி வர்றதும் சமமாயிடும். அப்புறம் உள்ள ஒரு கரண்டி இருந்தாலும் ஒரு குடம் இருந்தாலும் மூக்குக்கு ஒண்ணுதான். அதுவும் ஸ்பிரிட்டு தண்ணியை விட வேகமா மேல ஏறும். பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தினாலும் மோந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. மூடி வெச்சவரைக்கும்தான் அந்த சமநிலை. திறந்து போட்டா சாயம் வெளுத்துடும்."

தட்டுகளை மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் பாட்டில் தட்டு ஏறக்குறையக் காய்ந்துவிட்டது. நீலக் கேன் தட்டில் ஸ்பிரிட் மட்டும் பறந்துபோய், கலங்கலாக ஒரு குட்டை தங்கியிருந்தது. ஓரத்தில் நூல் நூலாக ஏதோ வழவழப்பு. சோடா குனிந்து மோந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். சாக்கடை என்றான். கிண்டல் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

டீச்சர் டாக்டரைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். டாக்டர் உடனே எல்லா வார்டிலிருந்தும் நீலக் கேன்களை எடுக்க ஆள் அனுப்பினார். டீச்சர் தனியாகப் போய் சுகாதார அதிகாரிக்கு ஒரு போன் செய்தார். பிறகு நர்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

வழியில் நர்ஸ் கேட்டார், அப்படியானால் தன் கணவர் காலத்தில் ஏன் குறைந்தது என்று.

"குறைஞ்சது ஏன்னு எனக்கு முதல் நாளே தெரியும்மா. இப்ப ஏன் குறையலங்கிறதுதான் என் கேள்வி" என்றார் டீச்சர்.

கம்பெனி வாசலில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. முதலாளியின் தங்கை கூட வருகிறாரே. முற்றத்தில் நீலக் கேன்கள் மலையாகக் குவிந்திருந்தன. திரும்பி வரும் பழைய கேன்களைக் கழுவ ஒரு குழி வெட்டியிருந்தார்கள். குழித் தண்ணீர் பாசியும் நுரையுமாக, மேலே கொசு முட்டைகள் மிதக்க, அசையாமல் கிடந்தது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனை அதில் முங்கியிருந்தது. மறுமுனை ஒரு சின்ன மோட்டார் வழியாகப் போய், கலவைத் தொட்டியின் உச்சியில் ஏறி மறைந்தது.

"டீச்சர், இந்தக் குழாய் குழிக்குள்ள தண்ணி விடுதா, குழியைக் குடிக்குதா?" என்று சோடா கேட்டான்.

தொட்டியின் பக்கவாட்டில், உள்ளே இருக்கும் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தது. சிவப்புக் கோட்டில் கனகச்சிதமாக நின்றது. ஒரு மயிரிழை கீழே இல்லை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே காறித் துப்ப இடம் தேடினார் என்றே சோடா நினைத்தான்.

முதலாளியின் அறை குளிர்ச்சியாகவும் மணமாகவும் இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு. தங்கையைக் கண்டதும் எழுந்து வந்து, "வா பாப்பா" என்று தோளில் கை வைத்தார். உட்காரச் சொல்லிக் குளிர்பானம் வரவழைத்தார். பேச்சு முழுக்கத் தேன். மாப்பிள்ளை மேல் தனக்குக் கோபமே கிடையாது, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், குடும்ப மானம் காற்றில் பறக்காது, நான்கு சுவருக்குள் முடிந்துவிடும் என்றார். கலப்பது பற்றி டீச்சர் கேட்டதற்குக் கையை விரித்தார்.

"எனக்கு இந்தக் கெமிஸ்ட்ரியெல்லாம் சுத்தமா வராதுங்க. நான் வெறும் வியாபாரி. தொட்டிப் பக்கமே போறதில்ல."

பேசிக்கொண்டே மேஜை மேலிருந்த ஒரு குப்பியை அமுக்கி இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டார். சோடா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குப்பியின் பெயரைப் படித்தான். அது வேறு கம்பெனிச் சரக்கு. மிட்டாய்க் கடைக்காரர் சொந்தக் கடை மிட்டாயைத் தொடமாட்டார் போலிருக்கிறதே என்று அவன் சொன்னதற்கு முதலாளி மட்டும் சிரித்தார்.

டீச்சர் மேஸ்திரியை வரவழைத்தார். ஐம்பது வயதுக்காரர், கண்ணைத் தூக்கிப் பார்க்காத மனிதர். சுத்த ஸ்பிரிட் கொஞ்சம், நல்ல தண்ணீர் கொஞ்சம், கோடு போட்ட அளவு ஜாடிகள் மூன்று கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் ஐம்பது அளவு ஸ்பிரிட், ஒன்றில் ஐம்பது அளவு தண்ணீர். நர்ஸே அளந்து ஊற்றினார், யாரும் பிறகு குறை சொல்லக்கூடாது என்று. இரண்டையும் கலந்தால் எவ்வளவு வரும் என்று டீச்சர் கேட்டார். மேஸ்திரி நூறு என்றார். நர்ஸும் நூறு என்றார். சோடா, கேள்வி இவ்வளவு சுலபமாக இருந்தால் விடை நூறாக இருக்காது, ஆனாலும் நூறுதான் என்றான்.

டீச்சர் மூன்றாவது ஜாடியில் இரண்டையும் ஊற்றி, கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். ஜாடியை இரண்டு கைகளாலும் பொத்தினாற்போல் பிடித்துக்கொண்டு, மட்டத்தைக் குனிந்து பார்க்கப் போனார்.

எதிர் நாற்காலியிலிருந்து முதலாளி சொன்னார், "சூடு ஆறட்டும் டீச்சர். ஆறினா இன்னும் இறங்கும்."

டீச்சர் சரி என்று தலையாட்டினார். ஜாடியை மேஜை மேல் வைத்து, முன்னால் தன் கைப்பையை நிறுத்தி மறைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த நேரத்தில் முதலாளி தங்கையின் வேலையைப் பற்றி விசாரித்தார். வார்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று கேட்டார். நர்ஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு டீச்சர் கைப்பையை நகர்த்தினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மட்டம் தொண்ணூற்றாறைத் தாண்டி, தொண்ணூற்றேழை எட்டாமல் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மேஜை காய்ந்திருந்தது. யாரும் திருடவும் இல்லை.

நர்ஸ் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"ஒரு வாளி ஜல்லியையும் ஒரு வாளி மணலையும் ஒண்ணாக் கொட்டினா ரெண்டு வாளி வராது இல்லையா? மணல் ஜல்லி சந்துல போய் உட்கார்ந்துக்கும். ஸ்பிரிட்டும் தண்ணியும் ஏறக்குறைய அப்படித்தான், ஒண்ணையொண்ணு இழுத்து நெருக்கிக்கும்" என்றார் டீச்சர். "எடை குறையாது, இடம்தான் குறையும். உங்க தொட்டி அளவுக்கு அது ஒரு கேன். உங்க வீட்டுக்காரர் ஒழுங்கா அளந்து ஊத்தினதாலதான் தினமும் குறைஞ்சுது."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணில் தண்ணீர் வேறு. ஐயோ, என் மாப்பிள்ளையை நானே சந்தேகப்பட்டேனே, எனக்கு இது தெரியாமல் போச்சே என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் அழுதுவிட்டார். அண்ணன் தோளில் சாய்ந்தே அழுதார்.

டீச்சர் அந்தக் காட்சி முடியும் வரை ஜன்னல் வழியே குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், அளந்து ஊற்றினால் குறைந்தே தீரும் என்றால், இப்போது தொட்டி எப்படிச் சிவப்புக் கோட்டில் நிற்கிறது?

மேஸ்திரி தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

முதலாளி மெதுவாக மேஸ்திரி பக்கம் திரும்பினார். அடுத்த கணம் அவர் கை மேஸ்திரியின் கன்னத்தில் இறங்கியது. என் கம்பெனியிலேயே தண்ணீர் ஊற்றுகிறாயா, என் பெயரைக் கெடுக்கவா, உன்னைப் போலீசில் கொடுக்கிறேன் என்று கத்தினார். மேஸ்திரி கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அடி வாங்குவது வேலையில் ஒரு பகுதி என்பது போல நின்றார்.

"அவரை விடுங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. பல்லில் சிக்கிய மயிரை வெளியே எடுக்கிறவரின் அருவருப்புதான் இருந்தது. "நான் ஜாடியைக் கையால மூடியிருந்தேன். மட்டத்தை நானே இன்னும் பார்க்கல. மேஸ்திரி நூறுன்னு சொன்னார். உங்க தங்கச்சி நூறுன்னாங்க. நீங்க மட்டும், ஆறினா இன்னும் இறங்கும்னு சொன்னீங்க. 'இன்னும்'னா என்ன அர்த்தம்? ஏற்கெனவே இறங்கியிருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

முதலாளியின் வாய் திறந்தது. சிரிப்பு அதில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலந்தா சூடாகும்னு தெரியும், சுருங்கும்னு தெரியும், ஆறினா இன்னும் சுருங்கும்னும் தெரியும். தொட்டிப் பக்கமே போகாத வியாபாரிக்கு இது ரொம்ப அதிகம். ஆக, ஒரு கேன் எங்க போச்சுன்னு ஆரம்பத்திலேர்ந்து உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னீங்க. எதுக்கு?"

பதில் மேஸ்திரியிடமிருந்து வந்தது. அடி வாங்கிய கன்னம் சிவந்திருக்க, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஸ்பிரிட்டைப் பாதியாக்கி, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டுக் கோட்டுக்கு ஏற்று என்று முதலாளி முதலில் சொன்னது ஸ்டோர்க்காரரான மாப்பிள்ளையிடம்தான். அவர் மறுத்தார். இது காயத்தில் போடுகிற சாமான், என் வீட்டுக்காரியே இது போகிற வார்டில்தான் நிற்கிறாள் என்றார். மறுவாரமே அவர் திருடனானார். அதன் பிறகு சொன்னதைச் செய்ய மேஸ்திரி இருந்தார். நல்ல தண்ணீர்க் குழாய் தூரம் என்று குழியில் மோட்டாரைப் போடச் சொன்னதும் முதலாளிதான்.

"நானும் செஞ்சேன். செஞ்சது தப்புதான்" என்று முடித்தார்.

நர்ஸ் அண்ணன் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டார். அந்தக் கையைப் புடவையில் துடைத்தார். துடைத்தது போதவில்லை போல, மறுபடியும் துடைத்தார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவரின் பயம் முகத்தில் வரும் என்று சோடா எதிர்பார்த்தான். வரவில்லை. ஏதோ ஒரு விலைபேச்சுக்குத் தயாராகிறவர் போலக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் செய்யும், சீழ் பிடிக்க ஆயிரம் காரணம் உண்டு, அந்தப் பெண்கள் வீட்டில் சுத்தமாக இருக்கிறார்களா யார் கண்டது என்றார். தங்கையிடம் குரலைத் தணித்தார். மாப்பிள்ளை நாளைக்கே வேலைக்கு வரட்டும், பழைய பதவி, பழைய மரியாதை, எல்லாருக்கும் முன்னால் மாலை போட்டு வரவேற்கிறேன் என்றார்.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார். நான் வருவேன் அண்ணா. கோர்ட்டுக்கு. என் கையால யார் யாருக்குத் தடவினேனோ, ஒவ்வொருத்தர் பேரா சொல்ல வருவேன்."

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. சுகாதார அதிகாரி, கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். முதலாளி அனிச்சையாகக் குப்பியை அமுக்கிக் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். அதிகாரி முதலில் தொட்டிக்குப் போனார், அப்புறம் குழிக்கு. குழிப் பக்கம் போனவர் திரும்பி வந்தபோது வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். தொட்டிக்கு முத்திரை வைத்தார்கள். முதலாளியையும் மேஸ்திரியையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். மேஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார முதலாளி முகம் சுளித்தது தனிக்கதை.

டீச்சர் நர்ஸை வீட்டில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் நர்ஸ் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் பேசினார்: ஜன்னலோரப் பெண்ணுக்கு மறுபடி சுத்தம் செய்து கட்டியிருக்கிறோம், காய்ச்சல் இறங்க நாளாகும், ஆனால் பிழைத்துவிடுவாள். இன்னொருத்தியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக் கதவைத் திறந்தது ஸ்டோர்க்காரர். பல நாள் தாடி, கசங்கிய பனியன். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வாசல்படியிலிருந்து ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். நர்ஸ் உள்ளே போகவில்லை. படியிலேயே நின்றார்.

"தண்ணி ஊத்தச் சொன்னார்னு என்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்களையே கேட்டேனே, எடுத்தீங்களான்னு. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்" என்றார். "அந்த உறவையும் நானே பிடுங்கணுமா? வேற ஏதாவது வேலை கிடைக்கும், நாளடைவில சரியாப் போயிடும்னு நெனச்சேன். நான் மறுத்த பிறகும், தங்கச்சி வார்டுக்கே அந்தச் சரக்கை அனுப்புவார்னு நெனக்கல. அவர் அவ்வளவு தூரம் போவார்னு நெனக்கல."

நர்ஸ் அவர் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணன் இல்லீங்க" என்றார். "இருந்தார்."